பாம்புப் பண்ணையோடு திரும்பும் வேன்கள்

பள்ளிச் சுற்றுலாக் காலத்தில் ஈக்காட்டுத்தாங்கல் நூறடிச் சாலையில் நின்றால், பள்ளியின் பெயரெழுதிய பேனர் கட்டிய வேன்கள் கிண்டி நோக்கிப் போவதைப் பார்க்கலாம். சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, சாயங்காலம் கடற்கரை. பெரும்பாலும் இதுதான் திட்டம்.

பாம்புப் பண்ணை இருக்கும் அதே சர்தார் படேல் சாலையில், சற்றுத் தள்ளி காந்தி மண்டப வளாகம். உள்ளே இரட்டைமலை சீனிவாசனுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. இழிவாகச் சொல்லப்பட்ட சாதிப் பெயரையே தலைப்பாக்கி, 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர் அவர். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் நம் மக்களுக்காகப் பேசியவர். அதே வளாகத்தில் 2023-ல் அயோத்திதாசப் பண்டிதருக்கும் மணிமண்டபம் திறக்கப்பட்டது. 1907-ல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழின் விலை, பெயரில் உள்ளபடியே ஒரு பைசா.

இன்னும் கொஞ்சதூரம் போனால் பெசன்ட் நகரில் ஆல்காட் பள்ளி. தீண்டாமையால் படிப்பு மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக கர்னல் ஆல்காட் 1894-ல் தொடங்கிய இலவசப் பள்ளியின் தொடர்ச்சி அது. அங்கே இன்றும் வகுப்பு நடக்கிறது.

வேன் நிற்கும் இடம்தான் வரலாறு என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். சேரியிலிருந்து வரும் பிள்ளை, தன் மக்களும் பத்திரிகை நடத்தினார்கள் என்று அறிய வேண்டும். ஊர்த்தெருப் பிள்ளையும் பக்கத்தில் நின்று அதைக் கேட்க வேண்டும். ஆசிரியர்களே, நாம் கேட்பது ஒரு மணி நேரம்தான்.