பணியிலுள்ள ஆசிரியரும் கல்வியியல் முதுமாணிப் பட்டமும்

சென்னைப் புனித கிறிஸ்டோபர் கல்வியியற் கல்லூரி, கிறித்தவ மிஷன் கல்விப் பணியின் ஒரு கூறாக 1923இல் பெண் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தோன்றியது. பெண்கள் ஊதியம் பெறும் தொழிலொன்றினுள் நுழைய வழிதிறந்தமை அத்தகைய நிறுவனங்களின் முற்போக்கான பங்களிப்பு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. பின்னர் அங்கு முதுமாணிக் கற்கையும் இடம்பெறலாயிற்று.

இக்கற்கையைப் பணியிலுள்ள ஆசிரியையின் நிலையிலிருந்து நோக்குமிடத்து முரண்பாடொன்று புலப்படுகின்றது. கல்விக் கோட்பாடுகளை வகுப்பறை அனுபவத்தால் உரைத்துப் பார்க்க வல்லவர் அவரே. ஆயினும், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள் ஓராண்டுக் கற்கையை ஈராண்டாக்கின. உயர்தகைமைக்குரிய ஊக்க ஊதிய உயர்வையும் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் இரத்துச் செய்தது. சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துபவர் ஈராண்டு வகுப்பறையை விட்டு நீங்குவது எங்ஙனம்? கல்வியின் பயன் சமூகத்தைச் சேர, அதன் செலவு தனியொருவர் மீது சுமத்தப்படுகின்றது.

எனவே, பாடத்திட்டச் சீர்திருத்தம் மட்டும் போதாதென்பதே எமது கருத்து. சம்பளத்துடன் கூடிய கற்கை விடுப்பு உரிமையாதல் வேண்டும். அன்றேல், வசதியுடையோர் ஆய்வாளராவர். வகுப்பறையில் உழைப்போர் அவர்தம் ஆய்வுப் பொருளாகவே எஞ்சுவர்.