சுட்ட மண்ணை முதலில் கண்டவர் யார்?

களிமண்ணைச் சுட்டால் பானையாகும் என்று உலகில் முதலில் கண்டவர் யார்? இதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஆதிகாலத்துப் பெண் ஒருத்தி, தானியம் சிந்தாதிருக்கத் தன் கூடையின் உட்புறத்தைக் களியால் மெழுகினாளாம். ஒருநாள் கூடை நெருப்பில் விழுந்தது. கூடை எரிந்துபோக, மெழுகிய களி மட்டும் இறுகி எஞ்சியதாம். அதுவே முதற் பானையாம்.

நல்ல கதைதான், ஆனால் கற்பனை. அகழ்வில் கிடைத்த சான்றுகள் வேறு விதமாகக் கூறுகின்றன. இன்றைய செக் குடியரசின் டொல்னி வெஸ்டொனிட்சே என்னுமிடத்தில் 25,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட சுட்ட களிமண் உருவங்கள் கிடைத்துள்ளன. சீனாவின் ஜியாங்சி மாகாணக் குகையொன்றில் கிடைத்த பானையோடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் பழையவை என ஆய்வாளர்கள் 2012இல் அறிவித்தனர். சில ஓடுகளின் வெளிப்புறத்தில் புகைக்கரி படிந்திருந்தது, சமைத்திருக்கிறார்கள். அக்காலத்தில் பயிர்ச்செய்கையே தொடங்கவில்லை.

எனவே முதற் பானைகளைச் செய்தவர்கள் உழவர்கள் அல்லர். வேட்டையாடியும் உணவு தேடியும் இடம்விட்டு இடம் பெயர்ந்தவர்கள். இது ஒருத்தி ஒரே நாளில் கண்டதன்று. பல இடங்களில், பல தலைமுறையினர் நெருப்பருகே பார்த்துப் பழகிய அறிவு.

வெயிலில் மாத்திரம் காய்ந்த களி, தண்ணீர் பட்டால் மீண்டும் சேறாகும். ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், களியோடு பிணைந்திருந்த நீரும் நீங்கிவிடும். பின்பு அது சேறாகாது. விறகும் வைக்கோலும் அடுக்கி மூட்டும் திறந்த சூளையே இதற்குப் போதும். ஆனால் ஈரம் மாறாத பாத்திரத்தைச் சுட்டால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை வெடிக்கச் செய்யும். ஆகவே முதலில் நிழலில் மெதுவாக உலர்த்த வேண்டும்.

மண்ணைச் சோதிப்பதும் எளிது. குளக்கரையில் ஒரு பிடி ஈரக்களி எடுங்கள். பென்சில் பருமனில் திரித்து விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காவிட்டால் வனைய ஏற்றது. வெடித்தால் மணல் கூடிய மண். மிகவும் ஒட்டும் களியோ உலரும்போது சுருங்கி வெடிக்கும். அதற்குச் சிறிது மணல் அல்லது உமி சேர்ப்பார்கள்.

வயலையும் கிணற்றையும் எவராலும் தூக்கிவர முடியாது. கைத்தொழில் கையோடு வரும். நீங்கள் இருக்கும் இடத்தில் மண்வேலை தெரிந்த முதியவர் ஒருவர் இருந்தால், பிள்ளைகளை அவரருகே இருத்திப் பழகவிடுங்கள். அவரோடு அந்த அறிவும் போய்விட்டால், நாம் மறுபடியும் முதலிலிருந்தே தேட வேண்டியிருக்கும்.