அப்பா வந்தால்தான் பாடம்!

ஒரு போனுக்கு 3 பிள்ளைகள் போட்டி

சோமனூர் பக்கம் போனால் தெருவெல்லாம் 'தடக் தடக்' என்று தறிச்சத்தம்தான். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. தறியும் நின்றது, பள்ளிக்கூடத்துக்கும் பூட்டு விழுந்தது. தறி மறுபடி ஓடத் தொடங்கியது. பள்ளிக்கூடம் திறக்கவில்லை. பாடம் போனில் வந்தது!

எந்தப் போனில்? பல வீட்டில் இருந்ததே ஒன்றுதான். அதுவும் அப்பாவின் சட்டைப்பையில். அவர் 'ஷிப்ட்' முடிந்து வந்தால்தான் பிள்ளைகளுக்குப் பாடம். 'டேப்' வாங்க வசதி உள்ளவர்கள் தப்பித்தார்கள். மற்ற வீடுகளில் அண்ணனுக்கா, தங்கச்சிக்கா என்று தினமும் பஞ்சாயத்து. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கே முதல் உரிமை. சின்னது அழுதுகொண்டே தூங்கிவிடும்.

கைகொடுத்த டி.வி.

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அப்போது கைகொடுத்தது. நெட் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஆனால் டி.வி.யிடம் சந்தேகம் கேட்க முடியுமா?

1 முதல் 8-ம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1-ந்தேதிதான். 19 மாதம்! விட்ட பாடத்தைப் பிடிக்க, 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள் தெருத்தெருவாக மாலை வகுப்பு எடுத்தார்கள்.

பாடம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது. போன்தான் பிள்ளைகள் கையைவிட்டுப் போகவில்லை. "போனைக் காட்டுனாத்தானுங்க ஒரு வாய் சோறு உள்ளே போகுது" என்பதுதான் இப்போது தாய்மார்கள் புலம்பல். ஒரு வயதுக்குள் திரையே கூடாது, 2 முதல் 4 வயது வரை தினம் 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறது. ராத்திரி 'ரீல்ஸ்' பார்க்கும் அப்பாவுக்கு அது கணக்கு எதுவும் சொல்லவில்லை!