குரங்கு வேடக்காரர் மேயரானது தெரியுமா?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் ஹார்ட்டில்பூல் என்றொரு சிறிய ஊர். 2002-ல் அந்த மக்கள் முதன்முறையாகத் தங்கள் மேயரைத் தாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெயித்தது யார் தெரியுமா? உள்ளூர் கால்பந்து அணிக்காகக் குரங்கு வேடம் கட்டி மைதானத்தில் ஆட்டம் போட்ட ஸ்டூவர்ட் டிரம்மண்ட்! பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் தருவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர் அவர். பெரிய கட்சிகள் எல்லாம் மண்ணைக் கவ்வின. ஏதோ வேடிக்கைக்குப் போட்ட ஓட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 2005-லும் 2009-லும் அதே ஊர் அவரையே மறுபடி மேயராக்கியது!

லண்டன் கதை இன்னும் விறுவிறுப்பு. 1986-ல் பிரதமர் தாட்சரின் அரசு லண்டன் பெருநகர மன்றத்தையே கலைத்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் கென் லிவிங்ஸ்டன். அடுத்த 14 ஆண்டுகள் அந்த மாபெரும் நகரம் முழுமைக்கும் பொதுவாக ஓர் ஆட்சி மன்றமே கிடையாது! 2000-ல் நேரடி மேயர் தேர்தல் வந்தது. சொந்தக் கட்சி வேறொருவரை நிறுத்த, சுயேச்சையாக நின்று வென்றவர் அதே லிவிங்ஸ்டன்! 2003 பிப்ரவரி 17 முதல் நகர மையத்துக்குள் கார் ஓட்டினால் நாளுக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் என்றார். மிஞ்சும் பணம் போக்குவரத்துக்கே செலவாக வேண்டும் என்பது சட்டம். எதிர்ப்புக் கிளம்பத்தான் செய்தது. ஆனால் 2004-ல் மக்கள் மறுபடி அவருக்கே ஓட்டுப் போட்டார்கள்.

என்னை அசரவைத்தது மான்செஸ்டர்தான். 1986-ல் லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தின் பேருந்துச் சேவை தனியார் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. எந்தத் தடத்தில் ஓட்டுவது, எவ்வளவு கட்டணம் வாங்குவது என்பதைப் பேருந்து நிறுவனங்களே முடிவு செய்தன. லாபமில்லாத தடத்தை அவை நிறுத்திவிடலாம். 2017-ல் ஒரு சட்டம் வந்தது. தடம், நேரம், கட்டணம் மூன்றையும் பொது நிர்வாகமே தீர்மானிக்கலாம். ஆனால் இந்த அதிகாரம் தானாகவே கிடைத்தது யாருக்குத் தெரியுமா? மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் இருக்கும் பெருநகரக் கூட்டமைப்புகளுக்கு! அதே ஆண்டு மான்செஸ்டர் பெருநகரத்தின் முதல் நேரடி மேயரானவர் ஆண்டி பர்னம். பேருந்து நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றன. 2023 செப்டம்பரில் மேயரின் மஞ்சள் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025 ஜனவரிக்குள் 10 உள்ளாட்சிப் பகுதிகளிலும் எல்லாப் பேருந்துகளும் பொதுக் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டன. ஏறத்தாழ 40 ஆண்டுக் கால ஏற்பாடு தலைகீழானது!

இங்கிலாந்தின் இன்னொரு நகரான பிரிஸ்டலில் மேயராக இருந்த ஜார்ஜ் பெர்குசன் தன் சம்பளம் முழுவதையும் உள்ளூர்ப் பணமாகப் புழங்கிய 'பிரிஸ்டல் பவுண்டு'களாக வாங்கினார் என்பது தெரியுமா? ஆனாலும் 2022-ல் அந்த ஊர் மக்கள் நேரடி மேயர் பதவியே வேண்டாம் என்று வாக்களித்தார்கள். கொடுப்பதும் எடுப்பதும் மக்கள் கையில் இருந்தது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் நாட்டிலும் அதிசயம் உண்டு. சத்தீஸ்கரின் ராய்கரில் ரயிலில் ஆடிப் பாடிப் பிழைத்த மது கின்னர் என்ற திருநங்கை, 2015-ல் சுயேச்சையாக நின்று, மக்களின் நேரடி ஓட்டில் மேயரானார்! கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் முறை இருந்திருந்தால் அவர் பெயரை யாராவது முன்மொழிந்திருப்பார்களா?

சரி, சென்னை? இந்தியாவிலேயே மிகப் பழைய மாநகராட்சி நம்முடையது. 1688 செப்டம்பர் 29-ல் தொடங்கியது! அதே மாநகராட்சியில் 1973 முதல் 1996 வரை, 23 ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை தெரியுமா? 1996-ல் முதல் நேரடித் தேர்தலில் மேயரானவர் மு.க.ஸ்டாலின். 2001-லும் நேரடித் தேர்தல்தான், அவரே வென்றார். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் மறைமுக முறை. 2011-ல் மறுபடி நேரடி முறை, சைதை துரைசாமி வந்தார். 2016-லிருந்து 5 ஆண்டுகளுக்கு மேல் மன்றமே இல்லை. 2022-ல் திரும்பவும் மறைமுகம், 28 வயதில் பிரியா மேயரானார். இத்தனை முறை விதியை மாற்றினார்களே, ஒருமுறையாவது நம்மிடம் கேட்டார்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேரடியாக ஜெயித்த மேயர்களின் கையிலும் இங்கே பேருந்து இருந்ததில்லை. அது மாநில அரசின் போக்குவரத்துக் கழகம். குடிநீர் தனி வாரியம். நகரத் திட்டமிடல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.). மாநகராட்சி ஆணையரை நியமிப்பதும் மாநில அரசுதான். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கென்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. நகரத் திட்டமிடலும் குடிநீரும் அதிலேயே இருக்கின்றன! ஆனால் எதை ஒப்படைப்பது என்று முடிவு செய்வது மாநில அரசு.

மேயரை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். அந்த மேயருக்கு மான்செஸ்டர்போல அதிகாரமும் நிதியும் சேர்ந்தே வர வேண்டும். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் உங்கள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், இந்த இரண்டையும் எப்போது தருவீர்கள் என்று நிறுத்திக் கேளுங்கள்.