‘உண்மை’ என்றொரு பக்கம்

டான் பிரவுண் 2003இல் வெளியிட்ட ‘டாவின்சி கோட்’ என்னும் மர்ம நாவல், ‘உண்மை’ எனத் தலைப்பிட்ட பக்கத்துடன் தொடங்குகின்றது. கதையில் இயேசுநாதரின் சந்ததியைக் காக்கும் இரகசியச் சங்கம் 1099இல் மெய்யாகவே தோன்றியதென்றும், பாரிஸ் தேசிய நூலகப் பத்திரங்கள் அதற்குச் சான்றென்றும் அப்பக்கம் கூறும். அப்பத்திரங்களோ, பியேர் பிளாந்தாரும் கூட்டாளிகளும் 1960களில் புனைந்து அங்கு சேர்ப்பித்தவை. ஆயினும் பத்திரிகைகளும் திரைப்படமும் அக்கதையை உலகெங்கும் பரப்பின. கத்தோலிக்க ஆயர்களின் வேண்டுகோளின்பேரில் 2006இல் இலங்கையில் அப்படம் தடைசெய்யப்பட்டது.

தடையினால் ஐயம் தீருமோ? ஆராய்ச்சியினாலன்றோ தீரும்! நமது கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகளும் ஐரோப்பிய நூலகங்களில் தேடியவரே. 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் நூலை ஆராய்ந்து அறிஞருலகுக்குக் காட்டினார். அவரைப் போன்று, ஏட்டை எழுதியவர் யார், எக்காலத்தவர், என்ன நோக்கினர் என்று வினவுதல் வேண்டும். மாணவர்களே, நாவலைச் சுவையுங்கள்; ‘உண்மை’ப் பக்கத்தையோ சோதித்துப் பாருங்கள்.