உறை பிடிக்கும் வரை: குருத்தணு மாற்று சிகிச்சை எப்படி இயங்குகிறது?

ஒரு லிட்டர் பாலைத் தயிராக்க ஒரு ஸ்பூன் உறை போதும். பாலைக் காய்ச்ச வேண்டும், வெதுவெதுப்பாக ஆறவிட வேண்டும், உறையைக் கலந்து மூடி, ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். விடிவதற்குள் பால் திரண்டுவிடும். அதிலேயே ஒரு ஸ்பூன் எடுத்துவைத்தால் மறுநாளைக்கும் உறை ஆயிற்று.

குருத்தணு மாற்று சிகிச்சையும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் நடக்கிறது. தலசீமியாவுக்கோ ரத்தப் புற்றுநோய்க்கோ, கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் வேலூருக்கும் போகிற பெற்றோர் உண்டு. மஜ்ஜை மாற்று (பி.எம்.டி.) வார்டு வாசலில் அவர்கள் வேண்டாத தெய்வமில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்த வேண்டுதலுக்கும் பலம் கூடும். எந்த வேலை நம் கையில் இருக்கிறது, எது நம் கையை விட்டுப் போய்விட்டது என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியும்.

உறை எது?

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் பிறக்கிறது. வளர்ந்த ஒருவரின் மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. சிவப்பணு 120 நாள் வாழும். தட்டணு ஒரு வாரம், பத்து நாள். கிருமியோடு மோதும் நியூட்ரோபில்லின் ஆயுள் அதைவிடவும் மிகக் குறைவு. தீரத் தீரப் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு மூலம் குருத்தணு. ஒரு பங்கு ரத்த அணுக்களாக மாறும்; இன்னொரு பங்கு எதுவாகவும் மாறாமல் குருத்தணுவாகவே நிற்கும். நாளைய உறைக்கென்று எடுத்துவைக்கிறோமே ஒரு ஸ்பூன், அந்தப் பங்கு அது. அதனால்தான் ஒருமுறை பிடித்துக்கொண்டால் ஆயுளுக்கும் போதும்.

இதை 1961-ல் டொராண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் சுண்டெலிகளை வைத்து நிறுவினார்கள். மனிதருக்கு மஜ்ஜை மாற்றும் முறையை வளர்த்தெடுத்த டொனால் தாமஸுக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இது தொடங்கியது. 1986-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தது. திருவள்ளூர்க் குடும்பங்களுக்கு இது சில மணி நேரப் பயணத்தில் எட்டும் சிகிச்சையாகி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

காய்ச்சுவது, ஆறவிடுவது

பச்சைப் பாலில் உறை ஊற்றினால் அதில் ஏற்கெனவே இருக்கும் கிருமிகள் போட்டிக்கு வரும். காய்ச்சுவது அதற்காகத்தான். குழந்தைக்கும் முதல் வாரம் கடுமையான மருந்துகள் ஏறும். பழுதான பழைய மஜ்ஜையை அழித்து இடம் ஒழிப்பதும், வரப்போகும் புது அணுக்களை உடம்பு எதிர்க்காமல் பார்த்துக்கொள்வதும் அவற்றின் வேலை. முடி கொட்டும். வாய் முழுக்கப் புண்ணாகி எச்சில் விழுங்கவும் முடியாமல் போகும். நோயைவிட மருந்துதான் பிள்ளையை வாட்டுகிறதோ என்று அம்மாவின் மனம் உடைவது இந்த நாட்களில்தான். பால் பொங்கினால்தான் உறை ஊற்ற முடியும் என்பதை அப்போது நினைத்துக்கொள்ள வேண்டும்.

சூடான பாலில் ஊற்றினால் உறை செத்துப்போகும். கடைசி மருந்துக்குப் பிறகும் அதேபோல இடைவெளி விடுகிறார்கள். மருந்து உடம்பை விட்டு இறங்கட்டும் என்றுதான் அந்த ஓய்வு நாள்.

உறை ஊற்றும் நாள்

வார்டில் இதை ‘டே ஜீரோ’ என்பார்கள். ஆபரேஷன் தியேட்டர் எங்கே என்று தாத்தா பாட்டி கேட்பார்கள். குழந்தைக்கு ஆபரேஷன் கிடையாது. கொடுப்பவருக்கு மயக்கம் கொடுத்து இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுப்பார்கள்; சில வாரங்களில் அவருக்கு அது தானாகவே ஊறிவிடும். 15 கிலோ குழந்தைக்கு 150 முதல் 300 மில்லி போதும். ரத்தம் ஏற்றுவதுபோலவே, மார்பில் வைத்த லைன் வழியாகச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். எலும்புக்குள் ஊசி போடுவதில்லை. ரத்தத்தில் விட்ட குருத்தணுக்கள், மஜ்ஜை வெளியிடும் வேதிக் குறிப்பைப் பின்தொடர்ந்து தாமாகவே எலும்புக்குள் போய்ச் சேர்கின்றன. இவ்வளவு பெரிய சிகிச்சையின் உச்சக் கட்டத்தில் மருத்துவரும் கைகட்டித்தான் நிற்கிறார். பெற்றோரின் நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய துணை வேண்டுமா?

யாருடைய உறை?

தயிருக்குப் பக்கத்து வீட்டில் உறை வாங்கலாம். இங்கே எச்.எல்.ஏ. என்கிற திசுப் பொருத்தம் பார்க்க வேண்டும். குழந்தை அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி வாங்கிப் பிறக்கிறது. உடன்பிறந்த ஒருவரோடு முழுசாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. அப்பாவோ அம்மாவோ பெரும்பாலும் பாதிப் பொருத்தம். முன்பெல்லாம் அது உதவாது. இன்று அதற்கும் வழி வந்துவிட்டது. குடும்பத்தில் யாருமே அமையாவிட்டால், சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்களில் தேடுகிறார்கள்.

மூடிவைப்பது

உறை ஊற்றிய பாத்திரத்தை அரை மணிக்கொரு தரம் திறந்து ஆட்டிப் பார்த்தால் தயிர் நீர்த்துப் போகும். டே ஜீரோவுக்குப் பிறகு இரண்டு முதல் நான்கு வாரம் குழந்தைக்கு வெள்ளணுவே இருக்காது. காற்றை வடிகட்டி அனுப்பும் அறை, கூட ஒரே ஒருவர், பார்வையாளர் கூடாது. காலையில் வெள்ளணுக் கணக்குப் பார்க்க ரத்தம் எடுப்பார்கள், ‘கவுன்ட் ஏறிச்சா?’ என்பதுதான் ஊரிலிருந்து வரும் முதல் போன். ஏறாத நாட்கள் வரிசையாக வரும். உள்ளே எதுவும் நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பால் திரள்வதும் மேலே தெரிவதில்லை.

நம்பிக்கையின் உண்மையான வேலை இந்த நாட்களில் இருக்கிறது. திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு ஹிருத்தாபநாசினி குளத்தில் வெல்லம் கரைப்பவர்கள் தாராளமாகக் கரைக்கலாம். பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை நேர்ந்துகொள்ளலாம். பழவேற்காடு மகிமை மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்றலாம். பள்ளிவாசலில் துஆ கேட்கலாம். போகிறவர் வீட்டிலிருக்கும் மற்றவராக இருக்கட்டும். தீர்த்தம், துளசி, பூ எதுவும் அறைக்குள் வரக் கூடாது. பூவிலும் நீரிலும் இருக்கும் பூஞ்சையும் கிருமியும் நமக்கு ஒன்றும் செய்யாது, வெள்ளணு இல்லாத குழந்தையைச் சாய்த்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தயிரை வைத்தே விளக்கினாலும், இந்த வாரங்களில் வீட்டில் உறை ஊற்றிய தயிரைப் பல மருத்துவமனைகள் அனுமதிப்பதில்லை. அதில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். அப்போதே சமைத்த சூடான சாப்பாடுதான் பிள்ளைக்கு.

திரண்ட பிறகு

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோபில் 500-ஐத் தொட்டு, மூன்று நாள் தொடர்ந்து நின்றால் உறை பிடித்துவிட்டது என்று அர்த்தம். கொடுத்தவரின் ரத்த வகை வேறாக இருந்தால் குழந்தையின் வகையும் மாதக்கணக்கில் மெல்ல அதற்கே மாறும். தம்பியின் ரத்தம் அக்காவின் எலும்புக்குள் ஊறுகிறது என்பது பக்தி உள்ளவரையும் இல்லாதவரையும் ஒன்றுபோல வணங்கவைக்கும் உண்மை.

வார்டை விட்டு வந்ததும் கவனம் தளர்ந்துவிடக் கூடாது. முதல் 100 நாளுக்கு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வரும் அப்பா, உருக்காலைத் தூசியோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது. குளித்து உடை மாற்றிய பிறகுதான். புறநகர் ரயில் கூட்டம், கல்யாணம், அமாவாசை நெரிசல் எல்லாம் வேண்டாம். எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுக்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. சாமிக்குச் செலுத்தும் கடன் காத்திருக்கும், காய்ச்சல் காத்திருக்காது. பழைய தடுப்பூசிகளின் பலன் போய்விடுவதால் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். தட்டம்மை போன்ற உயிருள்ள ஊசிகளுக்கு இரண்டு வருடம் ஆகும். மொட்டையும் காதுகுத்தும் மருத்துவர் சரி என்ற பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுப்படியில் இல்லாத ஒன்று

உறை ஒருநாளும் பாலைப் பகைப்பதில்லை. இங்கே புது அணுக்கள் குழந்தையின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமாக நினைத்துத் தாக்குவது உண்டு. சில நேரம் உறை பிடிக்காமலும் போகும். நோய் திரும்பவும் கூடும். அப்போது ‘சரியாக வேண்டிக்கொள்ளவில்லையோ’, ‘எந்தக் குறை வைத்தோமோ’ என்று பெற்றோர் தங்களையே தின்றுகொள்வார்கள். சுற்றியிருப்பவர்களும் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். இந்தப் பேச்சை நிறுத்த வேண்டும். பொருத்தம், கிருமி, நோயின் தன்மை என்று காரணங்கள் உடம்புக்குள் இருக்கின்றன. எந்த அம்மாவின் பக்திக் குறைவும் அந்தப் பட்டியலில் இல்லை.

சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் செய்யக்கூடியவை வேறு. தட்டணு கொடுக்க ஆள் தேடி அப்பா அலையும்போது ‘நான் வருகிறேன்’ என்று சொல்லலாம். வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். தலசீமியா என்றால், கோல் இந்தியா நிறுவனத்தின் உதவித் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு என்று எடுத்துச் சொல்லி, மனு எழுதித் தரலாம். 18 வயது நிரம்பிய இளைஞர்கள் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவிக் கொடுத்துக் கொடையாளராகப் பதிந்துகொள்ளலாம். யாரோ ஒரு தாய் முகம் தெரியாத ஒருவருக்காக இன்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒருவர் கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடித்து வீடு திரும்பும் பையனாகவும் இருக்கலாம்.