வானினின்று மேடு பள்ளம் அளத்தல்

மக்கட்குக் கண்கள் இரண்டாக அமைந்தது அழகின்பொருட்டு மட்டும் அன்று. ஒரு பொருள் எத்துணைச் சேய்மையில் உளது என்பதை ஒற்றைக் கண் நன்கு உணர்த்தமாட்டாது. ஐயமுறுவார் பெருவிரலை முகத்திற்கு நேரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறி மூடிப் பார்ப்பாராக. விரலானது பின்னுள்ள சுவரின்மேல் இடம் பெயர்வதாகத் தோன்றும். விரல் அண்மையில் இருப்பின் பெயர்ச்சி மிகும். சேய்மையிற் செல்லச் செல்லக் குறையும். வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1838-ஆம் ஆண்டில் இதனை விளக்கி, சிறிது வேறுபட்ட இரு படங்களை இரு கண்களும் தனித்தனியே காணச் செய்யின், தட்டையான தாளிலும் கனவடிவம் எழுந்து தோன்றும் எனக் காட்டினர். அப்படங்களை இடம் வலமாக மாற்றி வைப்பின் மேடு பள்ளமாகவும், பள்ளம் மேடாகவும் தோன்றும் என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

இம்முறையே இன்று விண்கலங்களுக்கும் கைகொடுக்கின்றது. நம் கண்களின் இடைவெளி ஏறக்குறைய இரண்டரை அங்குலமே. பல நூறு கிலோமீட்டர் உயரத்தினின்று நோக்குவார்க்கு அவ்விடைவெளி சிறிதும் பயன்படாது. ஆதலின் விண்கலம் தன் ஓட்டத்தையே கண்களின் இடைவெளியாக ஆக்கிக்கொள்கின்றது. 2005-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டையினின்று ஏவப்பெற்ற கார்ட்டோசாட்-1 இதற்குத் தக்க சான்று. ஏறக்குறைய 618 கிலோமீட்டர் உயரத்தில் இயங்கிய அக்கலத்தில் இரண்டு காமிராக்கள் இருந்தன. ஒன்று 26 பாகை முன்னோக்கிச் சாய்ந்தது. மற்றொன்று 5 பாகை பின்னோக்கிச் சாய்ந்தது. முன்னது கண்ட இடத்தைப் பின்னது 52 வினாடி கழித்துக் கண்டது. அதற்குள் கலம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் கடந்துவிடும்.

நம் ஊரையே எடுத்துக்காட்டாகக் கொள்வாம். மலைக்கோட்டைப் பாறை ஏறக்குறைய 83 மீட்டர் உயரமுடையது. அவ்விரு படங்களிலும் அதன் உச்சி, அடிவாரத்தை நோக்க, உயரத்தில் பத்தில் ஆறு பங்களவு, அஃதாவது 50 மீட்டர் அளவு இடம் பெயர்ந்து காணப்படும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் இரண்டரை மீட்டரைக் குறிப்பதால், அப்பெயர்ச்சி 20 புள்ளிகளாகும். 1987-இல் நிறைவெய்திய திருவரங்கத்து இராசகோபுரம் ஏறக்குறைய 72 மீட்டர் உயரமாதலின், அதன் முடி 17 புள்ளிகள் பெயரும். பெயர்ச்சியை எண்ணி உயரத்தைக் காண்பதே முறையின் உயிர்நிலை. கணிப்பொறி ஒரு படத்தின் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் மறுபடத்தில் இணை தேடிப் பொருத்தி, நிலமுழுமைக்கும் உயரப்படம் வரைந்துவிடும்.

ஆயினும் இம்முறைக்குத் தடைகளும் உள. இணை தேடுதற்கு அடையாளம் வேண்டும். கொள்ளிடத்து வெண்மணற்பரப்பு எங்கும் ஒரே தன்மைத்தாய்க் கிடப்பின் கணிப்பொறி மயங்கும். காவிரிப் பாலத்தின்மீது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் புகைவண்டி 52 வினாடியில் 860 மீட்டருக்கு மேல் சென்றுவிடுமாதலின், அதற்கும் இணை கிட்டாது. யாவற்றினும் பெரிய தடை மரங்களே. திருவரங்கத் தீவின் தென்னந்தோப்புகளில் காமிரா காண்பது தென்னையின் முடியையேயன்றித் தரையை அன்று. இரண்டு ஆறுகளுக்கிடையே கிடக்கும் சமநிலத்தில் தரைமட்டம் ஒரு மீட்டர் வேறுபடினும் வெள்ளத்தின் வழி மாறும். ஆகவே மரவுயரத்தைக் கழியாத உயரப்படத்தை நம்பி வெள்ளத்திற்குக் கரை வகுப்பது கேடு பயப்பதாம்.

சந்திரனிலோ மரமுமில்லை, ஆறுமில்லை. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் ஏவப்பெற்ற சந்திரயான்-1 ஒரு காமிராவைக் கொண்டுசென்றது. அது 25 பாகை முன்னும், நேர்கீழும், 25 பாகை பின்னுமாக மூன்று நோக்குகளில் 20 கிலோமீட்டர் அகலமுள்ள நிலத்தை ஐந்து மீட்டர் நுட்பத்துடன் படம் பிடிக்க வல்லது. ஒரு நோக்கிற்குப் பள்ளத்தின் சுவர் மறைப்பினும் ஏனைய இரண்டும் உதவும். அப்படங்களைக் கொண்டு, பண்டை எரிமலைக் குழம்பு ஓடிய குகைவழி ஒன்று இடிந்து வீழாது நிற்பதாக நம் நாட்டு அறிஞர் 2011-இல் வெளியிட்டனர். கதிர்வீச்சுக்கு அஞ்சும் மக்கள் பிற்காலத்தில் தங்குதற்கு ஏற்ற இடம் அது என்பது அவர்தம் கருத்து. ஆயின் என்றும் ஒளி புகாத துருவப் பள்ளங்களில் இக்காமிராக்கள் பயனற்றன. ஆண்டு லேசர் ஒளியை அனுப்பி, அது மீளும் காலத்தைக் கொண்டே உயரம் அளத்தல் வேண்டும்.

சரிவான இடத்திற் கால் ஊன்றிய கலம் கவிழும். பெரும்பாறைமேல் இறங்கின் உடையும். 2019 செப்டம்பரில் விக்ரம் கலம் வீழ்ந்தது நிலத்தின் குற்றத்தால் அன்று; வேகந்தணிக்கும் நிலையில் நேர்ந்த மாறுபாட்டால் ஆயது. எனினும் அடுத்த கலத்திற்கு இறங்குமிடம் அரைக் கிலோமீட்டர்ச் சதுரத்தினின்று, நான்கு கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரிக்கப்பட்டது. அத்துணைப் பரப்பிலும் சரிவையும் பாறையையும் முன்னரே ஆராய்தல் இன்றியமையாததாயிற்று. சந்திரயான்-2 சுற்றுக்கலத்தின் காமிரா கால்மீட்டர் நுட்பத்துடன் எடுக்கும் படங்கள் இத்தகைய ஆராய்ச்சிக்கே உரியன. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அவர்கள் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் தென்துருவத்தை அடுத்த நிலத்தில் நலமே இறங்கிற்று.

1808-இல் நிலவளவை செய்த லாம்டன் துரை, தம் பெருங்கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றுகையில் அது சுவரில் மோதிப் பழுதுற்றது. அன்று கோயிலுச்சியினின்று நோக்கியதும் இன்று விண்ணினின்று நோக்குவதும் ஒரே முக்கோணக் கணக்குத்தான். அளவறிந்த அடிக்கோடும், அதன் இரு முனையினின்று நோக்கிய இரு கோணமும் கிட்டின், எட்டாத பொருளும் அளவிற்குட்படும். மாணவ நண்பர்கள் காவிரிக்கரையில் பத்தடி இடைவிட்டு இரு படங்கள் எடுத்து, கரையோர மரத்தின் பெயர்ச்சியையும் மலைக்கோட்டையின் பெயர்ச்சியையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக. கணித வகுப்பில் நாம் வெறுத்த முக்கோணம் எத்துணை நெடுந்தூரம் செல்லவல்லது என்பது அப்போது விளங்கும்.